வட்டமா வெட்டுறது பாதி வேலைதான்

தங்கச்சி மகனுக்கு இதுவரை மூணு நடைவண்டி செஞ்சிருக்கேன். முதல் வண்டி எப்படித் தள்ளினாலும் இடது பக்கமாவே போச்சு. ரெண்டாவது வண்டி நேராப் போச்சு, ஆனா நாலு மாசத்துல சக்கரம் பிளந்து பிள்ளையைக் கீழே தள்ளிருச்சு. மூணாவதுதான் இப்ப ஓடிக்கிட்டு இருக்கு. மரத்துல துல்லியமான வட்டு வெட்டுவது எப்படின்னு இந்த மூணு வண்டியும் எனக்குக் கத்துக்குடுத்ததை ஒரே இடத்துல எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. வீட்டுல சின்னதா பட்டறை வச்சிருக்கிறவங்களுக்கு உதவும். பட்டறை இல்லாதவங்களும் படிக்கலாம், ஏன்னா விஷயம் கடைசியில மாட்டுவண்டிச் சக்கரத்துல போய் நிக்குது.

என் பட்டறை பெருசா ஒண்ணுமில்லை. விளாத்திகுளம் தாலுகா புதூர்ல, வீட்டுக்குப் பின்னாடி ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு டிரில், ஒரு ஜிக்சா, ஒரு சின்ன ரூட்டர், பழைய மோட்டார்ல மாட்டின சாண்டிங் தட்டு. அவ்வளவுதான். கீழே சொல்லப்போற எல்லாமே இந்த அளவு சாமானுக்குள் அடங்கும்.

முதல் வண்டி ஏன் இடது பக்கம் போனது?

பின்சக்கரம் இரண்டையும் 120 மி.மீ. விட்டத்துக்கு வெட்டத்தான் நினைத்தேன். கவராயத்தில் வட்டம் போட்டு, ஜிக்சாவில் அறுத்து, உப்புத்தாளில் தேய்த்து முடித்தேன். கண்ணுக்கு இரண்டும் ஒண்ணுபோலத்தான் இருந்தது. வண்டி கோணலாப் போன பிறகு காலிப்பர் வைத்துப் பார்த்தால் ஒன்று 120, இன்னொன்று 118. ஆரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்.

ஒரு மில்லிமீட்டர் இவ்வளவு செய்யுமா? ஒரு டம்ளரைத் தரையில் படுக்க வைத்து உருட்டிப் பாருங்க. நேராகப் போகாது. வாய் அகலம், அடி குறுகல், அதனால் அடிப்பக்கம் திரும்பி வட்டம் போடும். என் வண்டியும் அதே டம்ளர்தான். இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் கம்பியில் இறுக்கி அடித்திருந்தேன். இரண்டும் சேர்ந்துதான் சுற்றியாக வேண்டும். ஒரு சுற்றுக்குப் பெரிய சக்கரம் சின்னதைவிட 6.28 மி.மீ. கூடுதலாக ஓடும். அந்தக் கூடுதல் தூரத்தை ஈடுகட்ட வண்டி சின்னச் சக்கரம் இருக்கிற பக்கம் திரும்பும்.

கணக்கும் சுலபம். சக்கரங்களுக்கு நடுவே 300 மி.மீ. இடைவெளி. அதைப் பெரிய சக்கரத்தின் ஆரத்தால் பெருக்கி, ஆர வித்தியாசத்தால் வகுத்தால் வண்டி போடும் வட்டத்தின் ஆரம் கிடைக்கும். 300 × 60 ÷ 1 = 18,000 மி.மீ., அதாவது 18 மீட்டர். கேட்க பெரிய வட்டமாகத் தெரியும். ஆனால் அந்த வட்டத்தில் 3 மீட்டர் போனாலே 25 செ.மீ. விலகல் வந்துவிடும், ஏறக்குறைய ஒரு சாண். 6 மீட்டர் போனால் ஒரு மீட்டர். முன்சக்கரம் கொஞ்சம் தடுக்கும்தான். ஆனாலும் பயல் கூடத்தில் கிளம்பினால் அடுப்படி வாசப்படியில்தான் போய் முட்டினான். "அண்ணே, இது நடைவண்டியா செக்கு மாடா?" என்றாள் தங்கச்சி.

மையம்தான் முதலில்

முதல் வண்டியில் நான் செய்த பெரிய தப்பு, வட்டை வெட்டிவிட்டு அப்புறம் நடுவைத் தேடியது. கவராயத்தின் முள் குத்தின புள்ளி இருக்கத்தான் செய்யும். ஆனால் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் விளிம்பு நகர்ந்துவிடுகிறது, புள்ளி பழைய இடத்திலேயே நிற்கிறது. அச்சுத்துளை ஒரு மி.மீ. தள்ளிப்போனால், சக்கரம் எவ்வளவு அழகான வட்டமாக இருந்தாலும் வண்டி ஒவ்வொரு சுற்றிலும் 2 மி.மீ. ஏறி இறங்கும்.

சரியான முறை இதற்குத் தலைகீழ். முதலில் துளை. பலகையில் அச்சுத்துளையை நேர்செங்குத்தாகப் போட்டுவிட வேண்டும். அதற்கப்புறம் நடக்கிற எல்லா வேலையும், வெட்டுவதும் தேய்ப்பதும் சோதிப்பதும், அந்தத் துளையில் மாட்டிய முளையைச் சுற்றியே நடக்க வேண்டும். துளையை மையமாக வைத்துத்தான் விளிம்பு பிறக்கணும். விளிம்பைப் பார்த்து மையம் தேடக்கூடாது.

ஏற்கெனவே வெட்டின வட்டு கையில் இருந்தால் ஒரு வழி உண்டு. மூலைமட்டத்தின் முனையை வட்டின் விளிம்பில் வைத்தால், அதன் இரண்டு கைகளும் விளிம்பை வெட்டுகிற இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு விட்டமாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், அரைவட்டத்தில் அமையும் கோணம் 90 பாகை. இப்படி மூணு கோடு போட்டால் வெட்டிக்கொள்ளும் இடம் மையம். மூணும் ஒரே புள்ளியில் சேராமல் சின்ன முக்கோணம் விழுந்தால் வட்டு வட்டமாக இல்லை என்று அர்த்தம்.

கருவி ஒவ்வொன்றும் எங்கே பிசகும்

*ஜிக்சா.* இதன் வாள் மேலே மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது, கீழே தொங்குகிறது. வளைவில் திருப்பும்போது கீழ்ப்பக்கம் ஒதுங்கிப் போகும். மேலிருந்து பார்த்தால் கோட்டின் மேலேயே அறுத்த மாதிரி இருக்கும், புரட்டிப் பார்த்தால் விளிம்பு சாய்ந்து கிடக்கும். அதனால் ஜிக்சாவில் அளவுக்கு வெட்டாதீர்கள். கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு அறுத்து, மிச்சத்தை வேறு கருவியிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

*ஹோல் சா.* டிரில்லில் மாட்டுகிற வட்ட வாள். சின்ன வட்டுக்கு இதைவிட வேகமானது கிடையாது. நடுத்துளையும் தானே விழுந்துவிடும். ஆனால் அதன்மேல் எழுதியிருப்பது துளையின் அளவு, வட்டின் அளவு அல்ல. இரண்டு பக்கப் பல்லின் கனமும் போக, வட்டு சில மில்லிமீட்டர் சிறியதாகத்தான் வரும். பாதி ஆழம் வெட்டிவிட்டுப் பலகையைப் புரட்டி மறுபக்கம் வெட்டினால் விளிம்பு பிய்யாது.

*ரூட்டரும் கவராயக் கையும்.* வீட்டுப் பட்டறையில் துல்லியம் வேண்டுமென்றால் இதுதான். 6 மி.மீ. பிளைவுட்டில் ஒரு பட்டை, ஒரு முனையில் ரூட்டரைத் திருகி, மறுமுனையில் ஒரு முளை. முளையை மையத்துளையில் இறக்கிவிட்டு ரூட்டரைச் சுற்றினால் வட்டம். இதில் நான் மாட்டிக்கொண்ட இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, அளவை எங்கிருந்து எடுப்பது. வட்டு வேண்டுமென்றால் முளையின் மையத்திலிருந்து பிட்டின் *உள்* விளிம்பு வரை அளக்க வேண்டும். பிட்டின் நடுவை அளந்தால், 6 மி.மீ. பிட்டில் வட்டின் விட்டம் முழுசாக 6 மி.மீ. குறைந்துவிடும். துளை வேண்டுமென்றால் வெளி விளிம்பு வரை அளக்கணும்.

இரண்டு, முளையின் ஆட்டம். ஆணியை முளையாக அடித்தால் அது துளைக்குள் ஆடும். தொடங்கின இடமும் முடிகிற இடமும் சேராமல் விளிம்பில் ஒரு படி விழும். எந்த டிரில் பிட்டால் துளை போட்டேனோ, அதே பிட்டின் வழவழப்பான தண்டையே இப்போது முளையாக வைக்கிறேன். ஆட்டம் போய்விட்டது.

மூன்று, ஆழம். ஒரே சுற்றில் முழு ஆழமும் இறக்க ஆசை வரும். கைவிடுங்கள். ஒரு சுற்றுக்கு 3 மி.மீ. போதும். ரூட்டரை இடஞ்சுழியாக, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் நகர்த்தினால் வட்டின் பக்கம் பிட் இழுத்துக்கொண்டு ஓடாது.

நான்கு, கடைசிச் சுற்று. வட்டு பலகையிலிருந்து விடுபடுகிற அந்த நொடியில் அது நகரும், பிட் போய்க் கடிக்கும். என்னுடைய நாலைந்து வட்டு அப்படித்தான் வீணாச்சு. அடியில் ஒரு வீண்பலகை வைத்து, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பில் ஒட்டிவிட்டால் கடைசிவரை அசையாது.

*சாண்டிங் தட்டு.* சுற்றும் தட்டுக்கு முன்னால் ஒரு மேடை, மேடையில் முன்பின் நகர்கிற ஒரு சட்டம், சட்டத்தில் ஒரு முளை. கொஞ்சம் பெரிதாக அறுத்த வட்டை முளையில் மாட்டி, தட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே கையால் சுற்ற வேண்டும். சட்டம் போய் இடிக்கிற இடத்தில் ஒரு தடுப்புக்கட்டை. அதில் இடித்து நின்றதும் வேலை முடிந்தது. அடுத்த வட்டை மாட்டினால் அதுவும் அதே இடத்தில்தான் நிற்கும். இங்கே ஒவ்வொரு வட்டையும் தனித்தனியாக அளக்க வேண்டியதே இல்லை. நடைவண்டிக்குச் சக்கரம் 120 மி.மீ. ஆக இருப்பதைவிட, இரண்டும் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம். அதைத் தடுப்புக்கட்டை பார்த்துக்கொள்ளும்.

எந்தக் கருவியானாலும் தோளில் துண்டு, தொங்குகிற சட்டைக்கை கூடாது. கண்ணாடி போடுங்க, மூக்கை மூடுங்க. மரத்தூள் நுரையீரலுக்கு நல்லதில்லை.

வட்டமாகத்தான் இருக்கிறதா?

காலிப்பரை எல்லாப் பக்கமும் வைத்து அளந்து, எங்கேயும் ஒரே எண் வந்தால் வட்டம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது போதாது. 1969-இல் பிரிட்டனில் வெளியான 50 பென்ஸ் நாணயத்துக்கு ஏழு பக்கம். ஆனால் எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் அகலம் ஒன்றே. வட்டமில்லாத ஒரு வடிவமும் காலிப்பரை ஏமாற்றிவிட முடியும். கையால் தேய்த்து உருட்டின வட்டுகளில் இப்படி மூணு முகடு, அஞ்சு முகடு சத்தமில்லாமல் விழுவதுண்டு.

நம்பகமான சோதனை, வட்டை அதன் மையத்திலேயே சுற்றிவிட்டு விளிம்புக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் முனையை அசையாமல் பிடிப்பது. உயர்ந்த இடத்தில் மட்டும் கோடு விழும். பிசகு எங்கே இருக்கிறது என்பது வரைக்கும் அதுவே காட்டிவிடும்.

இரண்டாவது சோதனை, உருட்டுவது. விளிம்பில் ஒரு கோடு போட்டு, வழுக்காத தரையில் அளவுகோலை ஒட்டிப் பத்துச் சுற்று உருட்டுங்கள். 120 மி.மீ. வட்டு 3,770 மி.மீ. போக வேண்டும். விட்டத்தில் ஒரு மி.மீ. குறைந்தால் 31 மி.மீ. முன்னாலேயே நின்றுவிடும். காலிப்பர் இல்லாதவர்கள்கூட இதைச் செய்யலாம், டேப் போதும். ஐரோப்பாவில் வண்டிச்சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுகிற கொல்லர்கள் இதையே தலைகீழாகச் செய்தார்கள். பிடிபோட்ட ஒரு சின்ன வட்டைப் பெரிய சக்கரத்தின் விளிம்பில் ஓட்டி, எத்தனை சுற்று என்று எண்ணிச் சுற்றளவைக் கண்டுபிடித்தார்கள்.

ரெண்டாவது வண்டி

இவ்வளவும் கற்றுக்கொண்ட பிறகு, கார்த்திகை மாசம் ரெண்டாவது வண்டி. நல்ல தேக்குப் பலகை, ரூட்டரில் வெட்டி, சாண்டிங் தட்டில் முடித்த சக்கரங்கள். கால் மில்லிமீட்டர்கூடப் பிசகு இல்லை. 12 மி.மீ. இரும்புக் கம்பியை அச்சாகத் தட்டி இறுக்கினேன். வண்டி ரயில் மாதிரி நேராப் போச்சு. எனக்கு அன்னைக்கு இருந்த பெருமைக்கு அளவே இல்லை.

பங்குனியில் ஒரு மத்தியானம் தங்கச்சி போன் பண்ணினாள். சக்கரம் அச்சுத்துளையிலிருந்து விளிம்பு வரைக்கும் ரெண்டாப் பிளந்து, வண்டி சாய்ந்து, பயல் முகம் குப்புற விழுந்திருந்தான். உதடு கிழிந்து ரெண்டு தையல். தையலைவிட எனக்குக் கஷ்டமா இருந்தது, அதுக்கப்புறம் அவன் வண்டியைப் பார்த்தாலே அம்மா பின்னாடி போய் ஒளிஞ்சதுதான். வண்டி பரண் ஏறியது.

உடையாத இன்னொரு சக்கரத்தைக் கழற்றி அளந்தேன். நார் ஓடுகிற திசையில் 120. அதற்குக் குறுக்கே 119-கூட இல்லை. நான் வட்டமாக வெட்டிய சக்கரம், யாரும் தொடாமலே நீள்வட்டமாகிவிட்டது.

கரிசல் மண்ணும் மரமும்

கரிசல்காட்டில் பிறந்தவனுக்கு இது முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும். மழை பெய்தால் எங்கள் மண் ஊறி உப்பும், கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடிக்கும். வீட்டுச் சுவரெல்லாம் விரிசல் விடுவது அதனால்தான். களிமண்ணின் நுண்ணிய அடுக்குகளுக்கு நடுவே தண்ணீர் புகுவதும் வெளியேறுவதும்தான் காரணம். மரத்திலும் கிட்டத்தட்ட இதுவேதான் நடக்கிறது. அங்கே தண்ணீர் புகுவது செல்களின் சுவருக்குள். அறுத்துக் காயவைத்த பலகையும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டும் விட்டுக்கொண்டும்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் உப்பும், பங்குனி சித்திரையில் சுருங்கும்.

ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. மண் எல்லாத் திசையிலும் சுருங்குகிறது. மரத்துக்குத் திசை இருக்கிறது. பச்சை மரம் முழுக்க உலரும்போது நார் ஓடுகிற நீளவாக்கில் சுருக்கம் 0.1 முதல் 0.2 சதவீதம்தான், இல்லையென்றே சொல்லலாம். நடுத்தண்டிலிருந்து பட்டையை நோக்கிய திசையில் தேக்குக்கு 2.5 சதவீதம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம். சுருக்கம் குறைந்த மரம் என்று பெயர்பெற்ற தேக்குக்கே இந்தக் கணக்கு.

மழைக்காலத்தில் 14 சதவீத ஈரத்தோடு இருக்கும் பலகை, கோடையில் 9-க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 5.8 சதவீதச் சுருக்கம் என்பது ஏறக்குறைய 30 சதவீத ஈரத்திலிருந்து சுழியம் வரை போகும்போது வருவது. அப்படியானால் 5 சதவீத இறக்கத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதச் சுருக்கம். 120 மி.மீ. வட்டில் அது ஒரு மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் மேலே. ரூட்டரோடு கால் மில்லிமீட்டருக்கு நான் போட்ட சண்டையெல்லாம் ஒரு பருவம் மாறினதும் ஒன்றுமில்லாமல் போனது இப்படித்தான்.

பிளந்ததற்கும் இதுவே காரணம். மரம் சுருங்கும்போது அதிலுள்ள துளையும் சேர்ந்து சுருங்கும். ஆனால் துளைக்குள் இருந்தது இரும்பு, அது சுருங்காது. ஈரக்காலத்தில் இறுக்கி அடித்த கம்பியைக் கோடையில் மரம் நெரித்தது. நெரிக்க முடியாமல், எங்கே பலம் குறைவோ அங்கே, நாரோடு நாராகப் பிளந்தது. அதை ஒரு விபத்து என்று சொல்ல முடியவில்லை. தட்டி இறுக்கின அன்றைக்கே அதைப் பிளக்கவும் வைத்துவிட்டேன்.

"மரத்தைக் குறுக்கே துண்டு போட்டால் தானே வட்டம் கிடைக்குமே, எதுக்கு இவ்வளவு பாடு?" என்று கேட்கலாம். வெள்ளரிக்காய் நறுக்குவது போல அடிமரத்தை வட்டவட்டமாக அறுத்துச் சக்கரமாக்க முடியாது. அந்தத் துண்டு காயும்போது சுற்றளவு 5.8 சதவீதம் குறையப் பார்க்கும், ஆரமோ 2.5 மட்டும்தான் குறையும். பற்றாத சுற்றளவு ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதுதான் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஓடுகிற வெடிப்பு. சித்திரை மாசக் கரிசலேதான்.

பழங்காலத்துக்காரர்களுக்கும் இது தெரிந்திருக்கிறது. ஸ்லோவேனியாவின் லுப்லியானா சதுப்பு நிலத்தில் 2002-இல் கிடைத்த மரச்சக்கரம் ஏறக்குறைய 5,150 வருசம் பழையது. விட்டம் 72 செ.மீ. அதை அடிமரத்தின் குறுக்குத்துண்டில் செய்யவில்லை. ஆஷ் மரப் பலகைகளைச் சேர்த்து, குறுக்கே ஓக் மரச் சட்டங்களைச் செருகிப் பிடித்திருக்கிறார்கள். அச்சுத்துளை சதுரம், அதாவது என் முதல் இரண்டு வண்டி மாதிரியே அச்சும் சக்கரமும் சேர்ந்து சுற்றியிருக்கின்றன.

வண்டி ஆசாரி சொன்னது

பக்கத்து ஊரில் ஒரு வயசான ஆசாரி இருக்கிறார். மாட்டுவண்டிக்குச் சக்கரம் கோத்தவர். டயர் வண்டி வந்ததும் அந்த வேலை குறைந்து, அப்புறம் நின்றே போச்சு. பிளந்த சக்கரத்தை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெட்டு நல்லாருக்கு தம்பி. மிசின்ல வெட்டுனியாக்கும்."

"ஆமாங்கய்யா. கால் மில்லி பிசகு கெடையாது."

சிரித்தார். கொட்டகை ஓரத்தில் சாத்தியிருந்த பழைய வண்டிச் சக்கரத்தைக் காட்டினார். "அந்தா நிக்கி பாரு. அதுல எங்கயாச்சும் ஒரு பலகைய வட்டமா அறுத்து வச்சிருக்கோமா?"

அப்போதுதான் அதை ஒழுங்காகப் பார்த்தேன். நடுவில் குடம். குடத்திலிருந்து ஆரக்கால்கள். ஒவ்வொரு ஆரக்காலிலும் நார் மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுகிறது. நீளவாக்கில் மரம் சுருங்காது, ஆகவே ஆரம் மாறாது. வெளியே வட்டைகள், ஒன்றுக்கு இரண்டு ஆரக்கால் வீதம் தாங்குகிற வளைந்த துண்டுகள். அவற்றில் நார் விளிம்போடு ஓடுகிறது, ஆகவே சுற்றளவும் பெரிதாக மாறாது. சுருங்கக்கூடிய திசை என்று மிச்சமிருப்பது வட்டையின் கனமும் குடத்தின் கனமும்தான். ஐந்தடிச் சக்கரத்தை ஒரே பலகைப் பரப்பில் வெட்டியிருந்தால், 1 சதவீதத்துக்கு 15 மி.மீ. கோணியிருக்கும். கோத்த சக்கரத்தில் அது மூணு நாலு மில்லிமீட்டருக்குள் அடங்குகிறது, அதுவும் எல்லாப் பக்கமும் ஒரேபோல.

அந்த மூணு நாலு மில்லிமீட்டரைப் பார்த்துக்கொள்ளத்தான் இரும்புப் பட்டா. சக்கரத்தின் சுற்றளவைவிடக் கொஞ்சம் குறைவாகப் பட்டாவை வளைத்து, நெருப்பில் காயவைத்து, விரிந்த நிலையில் மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். ஐந்தடிச் சக்கரத்தின் பட்டாவை 400 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 22 மி.மீ. நீளும். ஆறும்போது அத்தனையும் சேர்ந்து வட்டைகளை ஆரக்கால் மேல் இறுக்கிவிடும். "கோடையில பட்டா லூசாயிட்டா?" என்று கேட்டேன். "கம்மாயில தண்ணி கெடந்தா ஒரு ராத்திரி சக்கரத்தப் போட்டு வைக்கிறது. மரம் ஊறி தானே பிடிச்சுக்கிடும்" என்றார். மரத்தின் குணத்தோடு மல்லுக்கட்டாமல், அந்தக் குணத்தையே வேலைக்கு வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "அச்சு சுத்தக் கூடாது தம்பி. சக்கரந்தான் சுத்தணும். அச்ச இறுக்கிட்டு ரெண்டு சக்கரமும் ஒண்ணுபோல ஓடணும்னா எப்பிடி ஓடும்?"

முதல் வண்டியின் வியாதிக்கும் ரெண்டாவது வண்டியின் வியாதிக்கும் ஒரே வரியில் மருந்து. மாட்டுவண்டியில் அச்சு நிலையாக நிற்கிறது, சக்கரங்கள் தனித்தனியாகச் சுற்றுகின்றன, கழலாமல் இருக்கக் கடையாணி. சக்கரம் தனியாகச் சுற்றினால் ஒரு மி.மீ. வித்தியாசம் வண்டியைத் திருப்பாது. மரம் இரும்பை நெரிக்கவும் வேண்டியதில்லை.

மூணாவது வண்டி

120 மி.மீ. சக்கரத்துக்கு ஆரக்கால் கோக்க எனக்குக் கை பத்தாது. ஆனால் பாடம் ஒன்றுதான், நாரை எல்லாத் திசையிலும் ஓடவிடு. 6 மி.மீ. கனத்தில் தேக்குப் பலகை மூணு எடுத்தேன். மேலும் கீழும் ஒரே திசை, நடுப்பலகை மட்டும் குறுக்கே. தேக்கில் எண்ணெய் உண்டு என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் உப்புத்தாள் போட்டுப் புதுப்பரப்பு எடுத்துப் பசை தடவினேன். ஒரு பலகை சுருங்கப் பார்க்கிற திசையில் அடுத்த பலகையின் நார் பிடித்துக்கொள்கிறது. பிளைவுட் கோணாமல் இருப்பதன் ரகசியமும் இதுதான். நல்ல வாட்டர்புரூஃப் பிளைவுட் இருந்தால் நேராக அதையே வெட்டிக்கொள்ளலாம், ஒரு குறையும் இல்லை. இரண்டு பலகை மட்டும் ஒட்டக்கூடாது. அப்பளம் மாதிரி வளையும். அடுக்கு ஒற்றைப்படையாக இருக்கணும்.

துளையைக் கம்பியைவிடப் பெரிதாகப் போட்டு, உள்ளே நைலான் புஷ். கம்பி சுற்றாது, சக்கரம் சுற்றும். வெளிப்பக்கம் வாஷரும் ஒரு குட்டிக் கடையாணியும். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே 2 மி.மீ. இடம். விளிம்புக்கு எண்ணெய் பூச்சு. பூச்சு ஈரத்தை நிறுத்தாது, தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

முன்சக்கரத்தை மட்டும் சீமைக்கருவேலத்தில் செய்தேன். ஊரே திட்டுகிற, கரிமூட்டம் போடத்தான் லாயக்கு என்று நாம் நினைக்கிற மரம். ஆனால் அமெரிக்காவில் மரவேலைக்காரர்கள் சுருக்கம் மிகக் குறைவு என்று விரும்பி வாங்குகிற மெஸ்கீட் இதன் நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே பேரினம். கோணல்மாணலாக வளர்வதால் அகலப் பலகை கிடைப்பது கஷ்டம். 80 மி.மீ. சக்கரத்துக்கு அடிமரத் துண்டு ஒன்று போதுமாக இருந்தது. நீளவாக்கில்தான் அறுத்தேன், குறுக்கே இல்லை.

வைகாசியில் வண்டியைக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தேன். ஒரு வாரம் அவன் கிட்டயே வரலை. தங்கச்சி அதில் துணி உலர்த்தினாள். எட்டாம் நாள் யாரும் பார்க்காத நேரத்தில் சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, அது நிற்கிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்திருக்கிறான். சாயங்காலம் தள்ளிக்கிட்டு வாசல் வரைக்கும் போய்ட்டான்.

அதுக்கப்புறம் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போயிருச்சு. போன வாரம் சக்கரத்தைக் கழற்றி நாலு பக்கமும் அளந்தேன். காலிப்பரில் வித்தியாசம் பிடிபடவில்லை. பென்சில் வைத்துச் சுற்றிப் பார்த்ததில் ஓரிடத்தில் லேசாக் கோடு விழுந்தது. அதைத் தேய்க்காமல் அப்படியே மாட்டிவிட்டேன். அவன் இப்போ ஓடுகிற ஓட்டத்துக்கு வண்டி எத்தனை நாள் தேவைப்படும்னு தெரியலை. அடுத்து மூணு சக்கர சைக்கிள் கேட்கிறான்.